பாவாவிடம் தீவகம் கற்கவேண்டியதும் கற்கக்கூடாததும்

ஜெப்ரி பாவா என்றதும் பாராளுமன்றத்தையும் கடற்கரை விடுதிகளையும்தான் பலரும் சொல்வார்கள். யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் ஆளில்லாத வீடுகளை வைத்திருக்கும் நமக்கு அவற்றைவிட முக்கியமானது, கொழும்பு பகத்தலை வீதி 33ஆம் ஒழுங்கையில் உள்ள அவருடைய சொந்த வீடு. சட்டத்தரணியாக இருந்து 38 வயதில் கட்டடக்கலைஞரானவர், 1958இல் அங்கே வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றைத் தன் வசமாக்கினார். பத்து ஆண்டுகளில் நான்கும் அவர் கைக்கு வந்தன. தெருப்பக்கம் இருந்ததை இடித்து மாடி எழுப்பினார். மற்றவற்றை இடிக்கவில்லை, இடைச்சுவர்களைத் திறந்து, சின்னச் சின்ன முற்றங்கள் விட்டு ஒரே வீடாக்கினார்.

ஓர் அறையில் நின்றால் அடுத்த முற்றத்தின் வெளிச்சம் தெரியும். அதை நோக்கிக் கால் தானாக நடக்கும். 1960-62இல் பதிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டிலும் நடு முற்றம்தான் உயிர். வளவின் நடுவே பங்களா கட்டும் வழக்கம் ஊறியிருந்த கொழும்பில் அது பெரிய துணிவு. நடு முற்றத்தைச் சுற்றி அமைந்த நம் நாற்சார் வீட்டில் வளர்ந்தவருக்கோ அது பழகிய அறிவு. அந்த அறிவைப் பழம்பெருமையாக ஒதுக்காமல் இன்றைய வாழ்க்கைக்குப் பொருத்திக் காட்டியது பாவாவின் மிகப் பெரிய பங்களிப்பு.

ஆனால் 33ஆம் ஒழுங்கையில் வீட்டுக்காரரும் அவரே, கட்டடக்கலைஞரும் அவரே. பணமும் காலமும் அவரிடம் இருந்தன. யாழ்ப்பாணத்து மரபுச் சட்டமான தேசவழமையின்படி பல உரித்தாளருக்குப் பங்குள்ள, அவர்களும் கனடாவிலும் பிரான்சிலுமாகச் சிதறியிருக்கிற ஒரு வீட்டுக்கு அந்த முறை அப்படியே பொருந்தாது.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாவாவின் வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. அழகுதான். ஆனால் அவை வேறொரு வீட்டிலிருந்து கழற்றப்பட்டவை. பழைய கதவையும் நிலையையும் வாங்கிப் புது விடுதியில் பொருத்துவது பின்னர் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் சனம் இடம்பெயர்ந்த தீவகத்தில், கதவும் தீராந்தியும் போன வீடுகள் மழையில் நனைந்து உதிர்கின்றன. அவற்றின் உறுப்புகளை வேறெங்கோ பூட்டுவதை மறுபயன்பாடு என்று என்னால் ஏற்கமுடியாது.

பழைய கட்டடத்தை முழுதாகவே மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்ததற்கு நம் கண்முன்னே இருக்கும் உதாரணம் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே நிற்கும் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய கோட்டை. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சிக்குப் பின் அதன் தலைவர் ரோகண விஜேவீரவை அடைத்துவைத்த சிறையும் இதுதான். கடற்படை அதை விடுதியாக்கியதால் சுவர்கள் பிழைத்தன. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அயலூர்ச் சனத்தின் அன்றாடத்துக்கு அதனால் என்ன பயன்?

எப்படித் திருத்துகிறோம் என்பதும் முக்கியம். நெடுந்தீவில் முருகைக்கல் மதில்களை இன்றும் பார்க்கலாம். அதே கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டிய சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியிருக்காது. உப்பு உள்ளே படிந்து கல்லையே பொரிய வைக்கும். திருத்தவேண்டும் என்ற நல்ல மனதோடு செய்த வேலையே பல வீடுகளைக் கெடுத்திருக்கிறது. பாவா தச்சரையும் மேசனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பார்த்து முடிவெடுத்தார். நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது அந்தப் பொறுமையை.

தீவகத்தில் வீடு வைத்திருப்போரிடம் ஒன்று கேட்கிறேன். இடிப்பதற்கோ விற்பதற்கோ முன்னர் வீட்டை அளந்து ஒரு வரைபடம் எடுத்து வையுங்கள். கூரையை முதலில் திருத்துங்கள். கதவுகளை மட்டும் தனியாக விற்காதீர்கள்.