அகலம் என்கிற பொய்

மிக அகன்ற கோண லென்ஸைப் பற்றி நம்மிடையே ஒரு மூடநம்பிக்கை உண்டு. அது 'எல்லாவற்றையும்' காட்டிவிடும் என்பது. நானும் அப்படி நம்பித்தான் 14 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கினேன். மூலைக்கு மூலை 114 பாகை. சந்தவாசலில், பட்டு நெய்கிற ஒருவரின் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டு தறி, குழி, சுவர், கூரை, மூலையில் அடுப்பு என்று அத்தனையையும் ஒரே சட்டத்துக்குள் திணித்தேன். ஒன்றும் விடுபடவில்லை என்கிற திருப்தி.

படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வெகுநேரம் பார்த்தார். "இம்மாம் பெரிய வூடா இது? அப்படின்னா ரெண்டாவது தறிய நான் ஏன் சார் வித்தேன்?" என்றார்.

என் படத்துக்கு இதைவிடச் சரியான விமர்சனம் கிடையாது. பத்தடி அறை மண்டபமாகிவிட்டிருந்தது. இடநெருக்கடிதான் அந்த வீட்டின் நிஜம். விடுபட்டது அது ஒன்றுதான்.

குற்றம் லென்ஸின் மீதல்ல. பொருள்களின் அளவுகளுக்குள்ள உறவை நிர்ணயிப்பது நாம் நிற்கிற தூரம். ஒரு அடியில் ஒரு நாடா, பத்தடியில் அதே போன்ற இன்னொன்று: முன்னது பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். இன்னும் பத்தடி பின்வாங்கினால் அது இரண்டு மடங்குகூட இராது. அகன்ற கோணம் செய்வதெல்லாம் அந்த ஒரு அடிக்குள் நுழைய நம்மை அனுமதிப்பதுதான். அது நெருக்கத்தின் கருவி. தயங்கி வாசலில் நிற்கிறவனுக்கு வெற்றிடத்தைப் பெருக்கித் தருகிறது.

பில் ப்ராண்ட் இதை அறிந்திருந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய மரக் காமிரா. குற்றம் நடந்த அறையை முழுசாகப் பதிவு செய்யப் போலீசார் வைத்திருந்த வகை. சாட்சியத்துக்கான அந்தக் கருவியை அவர் உடம்புக்கு வெகு அருகில் கொண்டுபோனார். காதும் முழங்காலும் பாறைகளைப் போல எழுந்தன. 1961இல் வெளிவந்த அவருடைய நிர்வாணப் படங்களின் தொகுப்பு அதன் விளைவு. போலீஸ்காரரின் அகலமும் கலைஞனின் அகலமும் ஒன்றல்ல.

நம் நாவல்களில் பாதி போலீஸ் காமிராக்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர், சாதி, மூன்று தலைமுறை எல்லாம் சட்டத்துக்குள் இருக்கும். எதன் அருகிலும் ஆசிரியன் போயிருக்கமாட்டான். சமூகத்தின் முழுமை என்று நாம் பாராட்டுவது பல சமயம் இந்த வாசற்படி அகலத்தைத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முன்னால் இருக்க வேண்டிய ஒன்றைத் தீர்மானித்து அதை நோக்கி நடக்க வேண்டும். காமிராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். மட்டமாக வைக்க வேண்டும். மூலைகளில் எதுவும் வெளிநோக்கி இழுபடும்; அங்கே மனித முகத்தை வைக்கக் கூடாது. மற்றதெல்லாம் கால்வலி.

அடுத்த முறை உள்ளே போனேன். தறிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அவர் மனைவி தண்ணீர்க் குடத்தோடு பக்கவாட்டில் திரும்பித்தான் அதைக் கடக்க முடியும். சுவரோடு ஒட்டிக் குந்திக்கொண்டேன். குடம் லென்ஸை இடிக்காத குறை. படத்தில் குடத்தின் வயிறும் தறிமரமும் உரசிக்கொண்டிருக்கின்றன. அறையின் பெரும்பகுதி தெரியவில்லை. அறை எவ்வளவு சிறியது என்பது தெரிகிறது.

இரண்டு படங்களையும் வைத்துவிட்டு எது வேண்டும் என்று கேட்டேன். அவர் முதல் படத்தை எடுத்துக்கொண்டார். பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களாம். வெளியூர்க்காரர்களுக்கு அனுப்ப இதுதான் தோதாம். அந்தப் பொய் அவருக்குத் தேவைப்படுகிறது. அதைச் சொல்ல அவருக்கு உரிமையும் இருக்கிறது. எனக்கு இல்லை.