பூசிய கை யாருடையது? ஒப்பனைப் படநூல்களை முன்வைத்துச் சில கேள்விகள்

1

ஒப்பனை என்றதும் நமக்கு முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அரிதாரம், முத்துவெள்ளை, செந்தூரம், மை. கூத்து முடிந்து விடிகாலையில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் வேஷம் போய்விடும். ஆனால் அந்த முகத்தைப் படமெடுத்து, ஓரம் வெட்டி, பக்கத்தில் பொருத்தி, கீழே ஒரு வரி எழுதி, அட்டை போட்டு விற்கும்போது இரண்டாவதாக ஓர் ஒப்பனை நடக்கிறது. அதைச் செய்வது தூரிகை பிடித்தவர் அல்ல. படம் எடுத்தவர், பக்கம் வடிவமைத்தவர், பதிப்பித்தவர். முதல் ஒப்பனை ஒரு ராத்திரிக்குத்தான். இரண்டாவது நூற்றைம்பது வருஷமானாலும் கழுவுப்படாது.

ஒப்பனைப் படநூல்களைப் பற்றி நம்மிடையே பேச்சு வந்தால் ஆர்ட் பேப்பரின் கனம், அச்சின் துல்லியம், வண்ணங்களின் 'வசீகரம்' என்றுதான் போகிறது. இவையெல்லாம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பூசிய கை யாருடையது? அந்தக் கைக்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறதா? நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பதற்குத் தனியான காரணமும் இருக்கிறது.

2

தோடர்கள் இடம்பெறும் இரண்டு படநூல்கள் 1873இல் லண்டனில் வெளிவந்தன. ஒன்று, நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் எழுதி, அவர் இறந்த பிறகு மனைவி பதிப்பித்த நூல். ஊட்டியில் இன்றும் அவர் பேரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. இன்னொன்று, கர்னல் வில்லியம் மார்ஷல் எழுதியது. மண்டையின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்தே மனிதரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற 'சாஸ்திரத்தை' நம்பியவர் அவர். அந்தச் சாஸ்திரத்தைத் தம் நூலின் தலைப்பிலேயே வைத்துக்கொண்டார். அந்தக் காலத்து ஈரக் கொலோடியன் தகட்டுக்கு முன்னால் அசையாமல் இருக்கணும். அசைந்தால் முகம் கலைந்துவிடும். ஆக, அதிகாரி வந்து, 'அசையாதே' என்று சொல்லி எடுத்த முகங்கள் இவை.

இந்தக் காலத்துப் படங்களில் இருக்கும் தோடப் பெண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தோளில் விழும் சுருள் சுருளான கூந்தல். அது பிறவியிலேயே அப்படி விழுவதில்லை. வெண்ணெய் தடவி, சுற்றிச் சுருட்டி, பொறுமையாகச் செய்வது. நெஞ்சிலும் தோளிலும் கையிலும் புள்ளிகளாகவும் வளையங்களாகவும் பச்சை. போர்த்தியிருக்கும் பூத்துக்குளியில் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்களே போட்ட பூவேலை. முடியில், தோலில், துணியில் என்று மூன்று இடத்தில் மூன்று விதமான கைவேலை. படைப்பு என்றால் இதுதானே படைப்பு?

ஆனால் இந்தப் படங்களுக்குக் கீழே வழக்கமாகக் கிடைப்பது 'தோடப் பெண்' என்பதுதான். சுருட்டிய கையும் இல்லை, குத்திய கையும் இல்லை, தைத்த கையும் இல்லை. ஒருத்தி உட்கார்ந்து செய்த வேலை, ஓர் 'இனத்தின் இயல்பாக' மாறிவிடுகிறது. வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதுதான் தொன்மத்தின் வேலை என்று ரோலான் பார்த் 1957இல் 'மித்தாலஜீஸ்' நூலில் விளக்கினார். அவர் பிரெஞ்சு விளம்பரங்களையும் பத்திரிகை அட்டைகளையும் வைத்துப் பேசினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இனவரைவியல் படநூலின் முதல் வேலையே ஒப்பனையை ஒப்பனை இல்லை என்று சொல்வதுதான். தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். 1873இலிருந்து கணக்குப் பண்ணினால் 140 வருஷம். அதுவும் துணிக்குத்தான் கிடைத்தது. கூந்தலுக்கும் பச்சைக்கும் இல்லை.

3

இது காலனிய ஆட்சியோடு முடிந்த கதை என்று நினைத்தால் தப்பு. முகவண்ணத்தைப் பற்றிய படநூல்களில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1935இல் ஹிட்லர் கட்சியின் மாநாட்டை 'டிரையம்ஃப் ஆஃப் தி வில்' என்ற படமாக்கி வெளியிட்ட லெனி ரீஃபென்ஸ்டால், எழுபதுகளில் சூடானின் நூபா மக்களைப் படமெடுத்து இரண்டு பெரிய நூல்கள் போட்டார். 1976இல் வந்த இரண்டாவது நூல், காவ் பகுதி மக்களின் முகத்திலும் உடலிலும் தீட்டப்பட்ட கோலங்களைப் பற்றியது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, முதல் நூலை வைத்து சூசன் சொண்டாக் ஒரு கட்டுரை எழுதிவிட்டார். உடல் வலிமையையும் 'கறைபடாத' ஆதிமனிதனையும் கொண்டாடும் இந்த அழகியலுக்கும் பழைய நாஜி அழகியலுக்கும் தொடர்ச்சி இருக்கிறது என்பது அவர் வாதம்.

நம் விவாதத்துக்கு உதவுவது இன்னொரு நூல். மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபாரிஸ் 1972இல் அதே மக்களைப் பற்றி 'நூபா பெர்சனல் ஆர்ட்' எழுதினார். தலைப்பிலேயே 'கலை' இருக்கிறது, அதுவும் தனிமனிதக் கலை. இளைஞர்கள் தீட்டிக்கொள்ளும் கோலங்கள் பெரும்பாலும் சடங்குக்காக அல்ல, அழகுக்காக. அவற்றுக்கு இலக்கணம் இருக்கிறது, நல்லது கெட்டது சொல்லும் விமர்சனமும் அவர்களிடையே இருக்கிறது என்று காட்டினார். ஒரே முகம்தான். ஒரு புத்தகத்தில் அது ஓவியன் தன் முகத்தில் செய்த வேலை. இன்னொன்றில் அழகான ஆதிவாசி உடம்பு. வித்தியாசம் கேமராவில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது.

4

இந்தப் பின்னணியில்தான் பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா என்., புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா: மேனர்ஸ் அண்ட் கஸ்டம்ஸ்' என்ற படத்தொடரை வாசிக்க வேண்டும். தலைப்பே பழைய இனவரைவியல் நூல்களின் தலைப்பைக் கேலி பண்ணுகிறது. புஷ்பமாலா தானே வேஷம் கட்டிக்கொண்டு, நமக்கு ஏற்கெனவே பழக்கமான பெண் பிம்பங்களைத் திரும்ப நடத்திக் காட்டுகிறார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, தக்காணச் சிற்றோவியத்து யோகினி, எழுபதுகளின் தமிழ்ப்படம் ஒன்றில் சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதா, போலீஸ் பிடித்து நிறுத்திய சங்கிலிப் பறிப்புப் பெண்கள் என்று பத்து 'மாதிரிகள்'. அவர்களில் ஒருத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அளவெடுப்புப் படங்களில் வரும் தோடப் பெண்.

இதில் இரண்டு பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று, 'இயல்பு' என்று 1873 சொன்னதை இந்தத் தொடர் மறுபடி ஒப்பனையாக்கிவிட்டது. புஷ்பமாலா கட்டத் துணிக்கு முன்னால் நின்று தன்னையே அளக்கக் கொடுக்கிறார். (உடலை அளப்பதற்குப் பின்னால் கட்டம் வைக்கும் முறையை 1869இல் லண்டனில் ஜான் லாம்ப்ரே முன்வைத்தார், அந்தமானில் போர்ட்மன் அதை விரிவாகப் பயன்படுத்தினார்.) பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. அளக்கிறவனின் விஞ்ஞானமும் ஒரு வேஷம்தான் என்பது அப்போது புரிகிறது. இரண்டாவது, தயாரிப்பை மறைக்கவில்லை. திரைச்சீலை, வேஷம் கட்டுதல், உதவியாளர்கள் என்று படம் உருவான விதத்தைக் காட்டும் தனிப் பகுதியே தொடரில் உண்டு. மேடையைக் காட்டிவிட்டுப் பின்கட்டை மறைக்கும் வழக்கத்திலிருந்து இது பெரிய விலகல்.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆகணும். பத்துப் பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் பத்துப் பேரும் சமமாகிவிடுவார்களா? ஜெயலலிதா தொடருக்கு வெளியே பேரோடு, அதிகாரத்தோடு இருந்தவர். தொடர் தயாரான காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சர். அவரை 'மாதிரி' ஆக்குவது அதிகாரத்தைக் கேலி செய்வது. ரவிவர்மா ஓவியத்துக்குக் கையெழுத்துக்காரர் இருக்கிறார். தோடப் பெண்ணுக்கு வெளியேயும் பேரில்லை, உள்ளேயும் பேரில்லை. 1873 கொடுத்த அதே இனப்பெயர்தான் 2004லிலும் தலைப்பு. அவளை 'மாதிரி' ஆக்கிய ஆட்சி கேலிக்குள்ளாகிறது, சரி. ஆனால் கூந்தலைச் சுருட்டிய அவளுடைய ஒப்பனை, இன்னொருவர் ஒப்பனையின் கச்சாப்பொருளாகவே நின்றுவிடுகிறது.

'அந்தப் பெண்ணின் பேர் ஆவணத்திலேயே இல்லை, கலைஞர் என்ன செய்வார்?' என்று கேட்கலாம். நியாயம்தான். பேர் இல்லை என்பதையே ஒரு பக்கத்தில் பேசியிருக்கலாம் என்பது என் பதில். இல்லாத பேருக்காக ஒரு வெற்றுப்பக்கம் விடுவதும் வடிவமைப்புதான். இந்தத் தொடர் மிக முக்கியமானது என்பதால்தான் இவ்வளவு கேட்கத் தோன்றுகிறது. சும்மா அழகாக இருக்கிற புத்தகத்திடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

5

கைக்குப் பேர் கொடுப்பது ஏதோ நுட்பமான அழகியல் விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. கூலி, உரிமை, சங்கம் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மும்பைத் திரையுலக ஒப்பனைக் கலைஞர் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்ற அட்டையே தரவில்லை. பெண்கள் கூந்தல் அலங்காரம் செய்யலாம், முகத்தில் பூசக் கூடாது. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் இது சமத்துவத்துக்கும் தொழில் செய்யும் உரிமைக்கும் விரோதம் என்று அந்தத் தடையை நீக்கியது. முகம் பெண்ணுடையதாக இருக்கலாம், தூரிகை ஆணுடையதாக இருக்கணும் என்பதுதான் அதுவரை இருந்த ஏற்பாடு. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒப்பனைப் படநூல்களின் கடைசிப் பக்கத்து நன்றிப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். யார் பேர் எத்தனாவது இடத்தில், எவ்வளவு சின்ன எழுத்தில் வருகிறது என்பது ஒரு பிரதியாகவே வாசிக்கத் தகுந்தது.

6

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், கோத்தகிரிப் பக்கத்து நண்பர்கள் சிலரின் முயற்சி. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பெரியவர்கள் மலையகத்தில் ஆடிய காமன் கூத்தின் முகங்களை, ரதி, மன்மதன், எமன், வீரபத்திரன், தூதன் என்று படமெடுத்துப் புத்தகமாக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுடைய மாதிரிப் பக்கங்களைப் பார்த்தேன். கறுப்புப் பின்னணி, பக்கம் முழுக்க முகம், ஒரு வரிகூட எழுத்தில்லை. 'முகமே பேசட்டும் அண்ணே' என்றார் வடிவமைக்கும் தம்பி.

முகம் தானாகப் பேசாது என்பதுதான் என் கருத்து. அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென், நியூகினியின் வண்ணம் பூசிய மனிதர்களை வெற்றுத் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படங்கள் 1974இல் 'வேர்ல்ட்ஸ் இன் எ ஸ்மால் ரூம்' என்ற நூலில் வந்தன. அபாரமான படங்கள். ஆனால் திரையை விரித்ததும் ஊர் மறைந்துவிடுகிறது. கறுப்புப் பின்னணியிலும் அதேதான் நடக்கும். லயத்து வீட்டுச் சுவர், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன், சிம்னி வெளிச்சத்தில் மை வைத்ததாகச் சொல்லும் கிழவர், மறுநாள் காலை இலை பறிக்கப் போகணுமே என்ற அவசரம், எல்லாம் போய்விடும். மிஞ்சுவது இன்னொரு 'மாதிரி'. மார்ஷல் வேண்டியதும் அதுதானே?

அச்சகத்தில் இன்னொரு கண்டம் இருக்கிறது. 'முகம் டார்க்கா இருக்கு, கொஞ்சம் தூக்கிடலாமா?' என்று கேட்பார்கள். கேட்காமலேயே தூக்கியும் விடுவார்கள். இது ஒரு ஆபரேட்டரின் ரசனை மட்டும் இல்லை. கலர் ஃபிலிமைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் பல காலம் அனுப்பி வந்த 'ஷர்லி கார்டு' அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல்தான் அளவுகோல். வெயிலில் கறுத்த தோட்டத் தொழிலாளியின் தோலில் முத்துவெள்ளை எப்படி உட்காருகிறது என்பதுதான் இந்தப் புத்தகத்தின் உயிர். தோலை வெளுக்க வைத்தால் ஒப்பனைதான் முதலில் செத்துப்போகும். புரூஃப் பார்க்க வேஷம் கட்டியவரையே அச்சகத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னேன்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று படம்: பூசும் முன், பூசியபின், துடைத்தபின். படத்துக்குக் கீழே வேஷத்தின் பேர் மட்டும் போதாது. கட்டியவர் பேரும் பூசியவர் பேரும் வேணும். குறிப்பை அவர்களே சொல்ல, சொன்ன மொழியிலேயே போடணும், இலக்கணம் திருத்தாமல். ஒரு படம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எவ்வளவு நல்ல படமானாலும் எடுத்துவிடணும். பேர் போட வேண்டாம் என்றால் அதையும் கேட்கணும். பேர் தரும் உரிமை போலத்தான் பேர் மறுக்கும் உரிமையும். விலை, அவர்கள் வாங்கும் விலையாக இருக்கணும். ஆர்ட் பேப்பரில் நூறு பிரதி போட்டுச் சென்னைக்கு அனுப்புவதைவிட, சாதாத் தாளில் ஐந்நூறு போட்டு லயத்தில் கொடுப்பது மேல்.

இந்த மலைக்குப் புகைப்படத்தோடு இன்னொரு உறவும் உண்டு. 1960இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியில்தான் 'இந்து' ஃபிலிமைத் தயாரித்தது. நாட்டின் எங்கெங்கோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களுக்கான ஃபிலிம் இங்கிருந்து போனது. தொண்ணூறுகளில் நலிந்து, பிறகு தொழிற்சாலையே மூடப்பட்டது. இன்றைக்கு ஃபிலிமும் வேண்டாம், அதிகாரியும் வேண்டாம். தோட்டத்திலும் மந்திலும் கையில் கேமரா இருக்கிறது. அதனால் படமெடுக்கும் அதிகாரம் கைமாறிவிட்டது என்று சில தோழர்கள் சந்தோஷப்படுகிறார்கள். எந்தப் படம் உள்ளே, எது வெளியே, எதற்குப் பக்கத்தில் எது, கீழே யார் வார்த்தை என்று தீர்மானிக்கும் மேசை இன்னும் கைமாறவில்லை.

கோத்தகிரி நண்பர்கள் முதலில் அந்த மேசையைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகட்டும். ரதி வேஷம் கட்டியவரும் அவருக்குப் பூசியவரும் அதில் வந்து உட்காரட்டும். கறுப்புப் பின்னணி வேணுமா வேண்டாமா என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். வேணும் என்று அவர்கள் சொன்னால் என் வாதத்தை நான் விட்டுவிடத் தயார்.