அர்ஜுனன் வேஷம் யாருக்கு?

பாரி இளவழகன் இயக்கி நடித்த 'ஜமா' 2024 ஆகஸ்டில் வந்தபோது நான் வாசித்த விமர்சனங்களில் பாதி, அழிந்துவரும் ஒரு கலையைப் பதிவு செய்த படம் என்றன. மீதி, பெண் வேஷம் கட்டும் ஓர் ஆணின் வலியைச் சொன்ன படம் என்றன. இரண்டையும் மறுக்க மாட்டேன். ஆனால் படம் முடிந்து வெளியே வந்தபோது என்னைத் தொந்தரவு செய்தது வேறொரு கேள்வி. ஒருவனுக்கு ஒரு விஷயம் அபாரமாக வருகிறது, ஆனால் அவன் ஆசைப்படுவது இன்னொன்றுக்கு. இதில் எது அவனுடைய 'பேஷன்'?

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கல்யாணம் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு தெருக்கூத்து ஜமாவில் பெண் வேஷம் கட்டுபவன். திரௌபதி, குந்தி என்று எதைக் கொடுத்தாலும் அவன்தான். அவனுக்கு வேண்டியதோ அர்ஜுனன் வேஷம். ஜமாவை நடத்தும் தாண்டவம் (சேத்தன்) அதைத் தருவதாக இல்லை. இதற்கு நடுவில் அம்மா பெண் பார்க்கிறாள். பெண் வீட்டார் அவன் நடையையும் கையசைவையும் பார்த்துவிட்டு எழுந்து போகிறார்கள். முடிவைச் சொல்லப் போவதில்லை.

நான் வேலை செய்யும் துறையில் 'பேஷன்' என்ற சொல் குடிதண்ணீர் மாதிரி புழங்குகிறது. காலேஜ் முடித்துப் போட்ட முதல் ரெஸ்யூமேவின் கடைசி வரியிலேயே ஹாபி என்று ஒன்று இருக்கும். பாட்டு கேட்பது, புத்தகம் படிப்பது, கிரிக்கெட். இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். வேலையில் சேர்ந்தபின் அது இன்னும் பெரிதாகும். மன அழுத்தமா? கிதார் கற்றுக்கொள். தூக்கம் வரவில்லையா? செடி வளர்த்துப் பார். அடுத்த கட்டத்தில் அந்தச் செடிக்கே ஒரு யூடியூப் சேனல் தொடங்கச் சொல்வார்கள். பிறகு அந்த நான்கு வட்டப் படம் வரும். இகிகாய் என்று ஜப்பானியப் பெயர் ஒட்டி ஸ்லைடுக்கு ஸ்லைடு சுற்றுவது. உனக்குப் பிடித்தது, உனக்கு வருவது, உலகத்துக்குத் தேவையானது, உனக்குக் காசு தருவது. நான்கும் சேரும் நடுப்புள்ளியில் போய் உட்கார்ந்துகொள், வாழ்க்கை செட்டில்.

கல்யாணத்தை அந்தப் படத்தில் எங்கே உட்கார வைப்பது? அவனுக்கு வருவது குந்தி. ஊர் கேட்பதும் குந்தி. சம்பளமும் குந்திக்குத்தான். பிடித்தது மட்டும் வெளியே தனியாக, அர்ஜுனன் வில்லோடு நிற்கிறது. ஒரு கன்சல்டன்டிடம் போனால், பெண் வேஷத்தையே நேசிக்கக் கற்றுக்கொள் தம்பி என்று சொல்லி அனுப்பிவிடுவார். படத்தின் பலம், அது இந்தச் சமாதானத்தை அவனுக்குச் சுலபமாகக் கொடுக்காததில் இருக்கிறது.

இதையெல்லாம் நான் திருவண்ணாமலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். லாக்டவுனில் பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். மன அமைதி தேடி வருகிறவர்களுக்கு இந்த ஊர் பழகிப்போன ஊர். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டி நடந்தால் தியானம், யோகா, ஓவியம், உள்ளிருக்கும் கலைஞரை எழுப்பும் நடனம் என்று வரிசையாக நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஐம்பது வயதில் முதல்முறையாகத் தூரிகையைப் பிடித்து மலையை வரைகிற ஒரு அம்மாவின் முகத்தைப் பார்த்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால் அந்த வகுப்புகள் எல்லாவற்றிலும் ஒரு விதி பொது: யாரும் உங்களை மதிப்பிட மாட்டார்கள். நன்றாக வரவில்லையென்றாலும் பரவாயில்லை.

அதே ஊரிலிருந்து பஸ் ஏறி சேத்துப்பட்டு, போளூர், செய்யாறு பக்கம் போனால், பங்குனி சித்திரையில் ஏதாவது ஒரு திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். ராத்திரி கூத்து. பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும்வரை. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்க, திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. இங்கே நன்றாக வரவில்லையென்றால் பரவாயில்லை என்று சொல்ல ஆளே கிடையாது. முன்வரிசையில் கோணிப்பை விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு மொத்தக் கதையும் மனப்பாடம். ஒரு விருத்தம் விட்டுப்போனால் அங்கிருந்தே குரல் வரும்.

அர்ஜுனன் வேஷத்துக்கு ஏன் இத்தனை மவுசு என்று கூத்து பார்க்காதவர்களுக்குப் புரியாமல் போகலாம். அர்ஜுனன் தபசு அன்று உயரமான தபசு மரத்தை நட்டு வைப்பார்கள். வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் கீழே பிள்ளை வரம் வேண்டி ஈரப் புடவையோடு பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். மறுநாள் அவர் சென்ட்ரிங் வேலைக்குப் போகலாம், அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டலாம். அந்த ஒரு பொழுதுக்கு அவர் வேறு ஆள். கல்யாணம் கேட்பது இந்த மரத்தில் ஏறும் உரிமையை. அதை ஹாபி என்று எப்படிச் சொல்வது? தொழில் என்றும் சொல்ல முடியவில்லை. சீசன் முடிந்தால் பெரும்பாலான ஜமாக்களுக்குத் தாம்பூலம் வைக்க ஆள் வராது.

நம் மொழியில் இதற்கு நடுவாந்திரமான சொல்லே இல்லை. 'பொழுதுபோக்கு' என்பது பொழுது மிச்சமிருக்கிறவனின் சொல். போக்குவதற்கு முதலில் பொழுது வேண்டும். அந்தப் பக்கம் போனால் 'கூத்தாடி'. அதை நாம் வசவாகத்தான் வைத்திருக்கிறோம். மேடையில் பொன்னாடை போர்த்தும் அன்றைக்கு மட்டும் 'கலைஞர்'. பெண் பார்க்கும் காட்சிகளில் 'ஜமா' இதைப் பெரிதாக வசனம் பேசாமலேயே காட்டுகிறது. ராத்திரி திரௌபதியாகக் கும்பிட்ட அதே கைகள் பகலில் அவனுக்குப் பெண் கொடுக்காது.

கர்ணன் வேஷம் கட்டும் ஒருவரிடம், விடிகாலை அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தபோது, நம் ஐடி மொழியில் ஒரு கேள்வி கேட்டேன். ராத்திரி முழுக்க இப்படி ஆடுறது உங்களுக்கு சந்தோஷமா இருக்காண்ணே? தேங்காய் எண்ணெயைக் கன்னத்தில் தேய்த்தபடி சிரித்தார்.

"இன்னா தம்பி கேள்வி இது. கட்டை கட்டிட்டா தூக்கம் தெரியாது, பசி தெரியாது. விடிஞ்சா ரெண்டும் ஒண்ணா வந்து உக்காந்துக்கும். அப்ப கேளு, சந்தோஷமா இல்லியான்னு."

மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற உளவியலாளர் 'ஃப்ளோ' என்று பெயர் வைத்தது இதைத்தான். 1990இல் அதே தலைப்பில் வந்த அவருடைய புத்தகம் எங்கள் துறை மேனேஜர்களின் மேஜைகளில் அலங்காரமாக நிற்கும். ஆனால் அவர் 1989இல் ஜூடித் லஃபெவ்ருடன் சேர்ந்து செய்த ஒரு ஆய்வை யாரும் ஸ்லைடில் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் ஆட்களின் இடுப்பில் பேஜரைக் கட்டிவிட்டு, அது அடிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஓய்வில் இருந்ததைவிட வேலையில் இருந்தபோதுதான் அந்த ஆழ்ந்த நிலை அதிகம் வந்திருந்தது. அதே ஆட்கள் வேலையில் இருந்தபோது வேறெங்காவது இருந்தால் தேவலை என்றும் எழுதியிருந்தார்கள். சவாலும் திறமையும் சரிக்குச் சரி மோதும் இடத்தில்தான் அந்த நிலை வருகிறது, அது சுகமான இடமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கர்ணன் வேஷக்காரர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். கூடவே பசியையும் சேர்த்துச் சொன்னார்.

இந்த ஊரில் இன்னொரு உதாரணமும் இருக்கிறது. பவா செல்லதுரை மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே இலக்கியக் கூட்டங்கள் நடத்தினார், கதை எழுதினார், கே.வி. ஷைலஜாவும் அவரும் வம்சி பதிப்பகத்தைக் கட்டி எழுப்பினார்கள். பிறகு கதை சொல்ல ஆரம்பித்தார். அவர் கதைசொல்லல் மீது எனக்கு விமர்சனம் உண்டு. மூலத்தில் குளிராக, தள்ளி நின்று எழுதப்பட்ட ஒரு கதை அவர் வாயில் வரும்போது சூடேறிவிடுகிறது. ஒவ்வொரு மனிதரும் மகத்தான மனிதராகிவிடுகிறார். வாசிக்காமலே வாசித்த திருப்தியோடு கிளம்பிவிடும் ஒரு கூட்டத்தையும் அது உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் எதிரில் ஆட்களை உட்காரவைத்து, நோட்டுக் காகிதம் இல்லாமல், ஒரு சிறுகதையை ஒன்றரை மணி நேரம் தூக்கிப் பிடிப்பது சும்மா வராது. கேட்பவர் முகம் வாடினால் அப்போதே தெரிந்துவிடும். யூடியூபில் அவரைப் பார்ப்பதற்கும் நேரில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஆபத்துதான். அது இந்த மண்ணின் கூத்து ராத்திரிகளிலிருந்து வந்த பழக்கம் என்பது என் ஊகம்.

'ஜமா'வுக்கு வருகிறேன். எனக்குப் படத்தோடு சண்டை ஒரு இடத்தில்தான், ஆனால் பெரிய சண்டை. கல்யாணத்தின் ஆசைக்கு இயக்குநர் ஒரு பூர்வகதை வைக்கிறார். ஜமாவைத் தொடங்கியதே அவன் அப்பா. அதைத் தாண்டவம் பறித்துக்கொண்டார். எனவே மகன் மீட்க வேண்டும். இந்த ஃப்ளாஷ்பேக் வந்த நிமிடமே அர்ஜுனன் வேஷம் வெறும் பட்டா நிலமாகிவிடுகிறது. ஒரு மனிதன் ஒரு வேஷத்துக்காக ஏங்க அப்பாவுக்கு நடந்த துரோகம் எதற்கு? அந்த மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது போதாதா? தமிழ் சினிமா காதலுக்குக் காரணம் கேட்காது, பார்த்ததும் வரும். கலை ஆசைக்கு மட்டும் பரம்பரைச் சான்றிதழ் கேட்கிறது. சேத்தன் நடிப்பில் தாண்டவம் முதலில் எவ்வளவு சிக்கலான ஆளாக இருக்கிறார்! ஜமாவுக்கு எது நல்லது என்று தெரிந்த வாத்தியாராகவும், தன் வேஷத்தை விட மனமில்லாத கிழவராகவும் ஒரே சமயத்தில் தெரிகிறார். பூர்வகதை அவரைச் சாதாரண வில்லனாக்கிவிட்டது.

நிஜத்தில் கூத்து இந்தச் சான்றிதழை அவ்வளவு கறாராகக் கேட்டதாகத் தெரியவில்லை. புரிசை இதே மாவட்டத்தில், செய்யாறு பக்கம். தம்பிரான் குடும்பத்துக்குப் பரம்பரைப் பெருமை ஏராளம். ஆனால் அவர்கள் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக் கூத்தாகக் கட்டியது எந்தத் தாத்தா சொல்லி? அந்தக் கதையைக் கட்டியக்காரன் வாயில் போட்டால் எப்படி இருக்கும் என்ற ஆசையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் பார்த்தால் ந. முத்துசாமி. தஞ்சாவூர் ஜில்லா புஞ்சைக்காரர், நவீன எழுத்தாளர், கூத்துக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லை. சென்னையில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்தார், பிடித்துக்கொண்டது. 1977இல் கூத்துப்பட்டறை வந்தது. 'அன்று பூட்டிய வண்டி'யில் அவர் கூத்தைப் பற்றி எழுதும்போது ஒரு கற்றுக்குட்டியின் பரவசம் இருக்கிறது. அமெச்சூர் என்ற சொல்லின் வேர் லத்தீனில் நேசிப்பவன். நாம் அதை அரைகுறை என்ற பொருளில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொல்வதால் ஜமா வாழ்க்கை இன்பமயம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விடிய விடிய ஆடிவிட்டுப் பங்கு பிரித்தால் கைக்கு வருவது பெரும்பாலும் பஸ் செலவுக்கும் கொஞ்சம் மேலேதான். தூக்கம் கெட்டு, குடி ஏறி, குரல் போனவர்கள் எல்லா ஜமாவிலும் உண்டு. படம் குடியை நன்றாகவே காட்டியிருக்கிறது. பேஷன் இருந்தால் சோறு தானாக வரும் என்று மைக் பிடிக்கிறவர்கள் ஒருமுறை ஆடி மாதத்துக்கு அப்புறம் ஒரு கூத்துக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

ஆனால் பெண் வேஷத்தின் கனம் படத்தில் இருக்கிறது. இளையராஜாவின் பின்னணி இசை ஒதுங்கி, கூத்தின் இசை மேலெழும் நேரங்களில் பாரி இளவழகனின் உடம்பில் ஒரு மாற்றம் தெரிகிறது. துகிலுரிதல் ஆடும் பல ஊர்களில், துச்சாதனன் வேஷக்காரர் புடவையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்தி, சூடம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். எதிரில் நிற்பது தன்னோடு டீ குடித்த ஆள்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? கல்யாணம் அன்றாடம் நிற்கிற இடம் அது. தன்னால் ஊரையே கை நடுங்க வைக்க முடிகிறது என்று அறிந்த ஒருவன், அப்படியும் எனக்கு வில்தான் வேண்டும் என்கிறான். அந்த அடம் எனக்குப் பிடித்திருந்தது. வருவதைச் செய்துகொண்டு ஆசைப்பட்டதற்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் ஆட்களை நான் ஆபீசில் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஹாப்பி எம்ப்ளாயி என்று பேட்ஜ் கொடுத்து போட்டோ எடுப்பதில்லை.

படம் தவறவிட்டது நேரத்தை. இரண்டு மணி நேரச் சினிமாவில் எட்டு மணி நேரக் கூத்தை அடைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உச்சங்களை மட்டும் கோத்துக் காட்டினால் கூத்து ஏதோ ஓயாத ஆவேசம் போலத் தெரிகிறது. மூன்று மணி என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் சாக்கின் மேல் சுருண்டிருக்கும். டீக்கடை பாய்லர் மட்டும் சத்தம் போடும். திரைக்குப் பின்னால் அடுத்த வேஷக்காரர் ஒரு கண்ணுக்கு மை போட்டு முடித்து, மறு கண்ணுக்கு முன்னால் அரை நிமிஷம் சுவரில் சாய்ந்திருப்பார். வெளியே கட்டியக்காரன் தூங்குகிறவர்களைப் பேர் சொல்லி எழுப்புவான், மளிகைக் கடைக்காரரை, தலைவரை, முன்வரிசைப் பாட்டியை. பாட்டி பதிலுக்குத் திட்டுவாள். முகவீணை மறுபடி ஒரு இழு இழுக்கும், திரையைப் பிடிக்க இரண்டு பேர் எழுந்து வருவார்கள்.