டான்யூபின் சங்கிலிப் பாலம்

புடாபெஸ்டில் டான்யூப் நதியை ரசிக்க ஒரே ஓர் இடம்தான் சொல்ல வேண்டுமென்றால், யோசிக்காமல் சங்கிலிப் பாலத்தைச் சொல்லலாம். மேற்கே புடாவின் குன்றும் அரண்மனையும். கிழக்கே சமதளமான பெஸ்ட். வடக்கே 96 மீட்டர் உயர நாடாளுமன்றக் கட்டடம்.

1849இல் இது திறக்கப்படும்வரை இரு ஊர்களுக்கும் இடையே நிரந்தரப் பாலம் கிடையாது. படகுகளை வரிசையாகக் கட்டிப் பலகை போட்ட மிதவைப் பாலம்தான். குளிர்காலப் பனிக்கட்டிக்குப் பயந்து அதையும் பிரித்துவிடுவார்கள். இஷ்ட்வான் செச்சேனி பிரபு முன்னின்று முயல, ஆங்கிலேயர் வில்லியம் டியர்னி கிளார்க் வடிவமைக்க, ஸ்காட்லாந்துக்காரர் ஆடம் கிளார்க் கட்டி முடித்தார். (பெயர்தான் ஒன்று, உறவில்லை.) வரியே கட்டிப் பழகாத பிரபுக்களும் இங்கே சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. பாலத்தின் அழகில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரு முனைகளிலும் காவலிருக்கும் கற்சிங்கங்களுக்கு நாக்கு இல்லை என்று ஊரில் கேலி பேசுவதுண்டு. நாக்கு உண்டு, கீழே நிற்பவர் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலத்தைத் தகர்த்தது. முதலில் திறந்து சரியாக நூறாண்டு நிறைந்த 1949 நவம்பர் 20 அன்று அது மறுபடி திறக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் நடந்தே கடக்கட்டும். பேருந்தில் போனால் பார்ப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.