பெயர் சுட்டாமையும் தரவுப் பாதுகாப்பும்: அகமரபு நோக்கில் ஒரு விமரிசனம்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் இயற்றியது. இது சட்டத்தரணிகளுக்கும் வணிக நிறுவனத்தார்க்கும் உரியதொரு பொருள் என்றும், தமிழ் ஆய்வாளர்க்கு இதில் வேலையில்லை என்றும் கருதுவோர் உளர். ஆயின், தனிவாழ்வுக்கும் பொதுவாழ்வுக்கும் இடையே எல்லை வகுத்தலே அச்சட்டத்தின் உயிர்நிலை. அவ்வெல்லையைத் தன் இலக்கியக் கோட்பாட்டின் அடித்தளமாகவே கொண்டது தமிழ். எனவே, அகம், புறம் என்னும் பாகுபாட்டினை அளவுகோலாகக் கொண்டு அச்சட்டத்தின் நிறைகுறைகளை மதிப்பிடுதல் பொருத்தமாகும்.

அன்பின் ஐந்திணையில் வரும் மாந்தரை இன்னாரெனப் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் விதி. இவ்விதி எத்துணை நுட்பமாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை தக்க சான்று. பிரிவாற்றாத் தலைவியின் துயரைப் பாடும் அந்நூலில் எவர் பெயரும் இல்லை. எனினும், வேலிற் கட்டிய வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளப் பூவாதலின், தலைவன் யாரெனப் புலப்பட்டுவிடுகின்றான். அதனால் அது புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். இம்முடிபினை ஏற்பாரும் மறுப்பாரும் உளரேனும், அதன் உட்கருத்து விதந்துரைக்கத்தக்கது. பெயரை மறைத்தல் மட்டும் போதாது. ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறிப்பும் பெயரேயாகும் என்பதே அது.

இன்றைய சட்டமும் ஈதொத்த நிலைப்பாட்டினையே மேற்கொண்டுள்ளது. ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ இனங்காண உதவும் எத்தகவலும் அவரது தனிப்பட்ட தரவாகும். இனம், சமய நம்பிக்கை, உடல்நலம் முதலியன சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையுட் சேர்க்கப்பட்டுள்ளன. தம்மைப் பற்றிய தரவினைப் பார்வையிடவும், திருத்துவிக்கவும், அழிப்பிக்கவும், அளித்த சம்மதத்தை மீளப்பெறவும் மக்களுக்கு உரிமை தரப்பட்டுள்ளது. இவற்றைக் கண்காணிக்கத் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை ஒன்றும் அமைக்கப்பட்டுள்ளது. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் செல்வாக்கினை இங்குத் தெளிவாகக் காணலாம். இந்த அளவிற் சட்டம் பாராட்டுக்குரியதே.

குறை வேறிடத்தில் உள்ளது. தனியாள் ஒருவர் முற்றிலும் தமது சொந்த அல்லது இல்லத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. தந்தை எழுதும் முகவரிக் குறிப்பேட்டிற் சட்டம் தலையிடக்கூடாது என்பது நியாயமே. ஆனால் வட்ஸ்அப் குழுவில் இடப்படும் நிழற்படம் இல்லத் தேவையைச் சேர்ந்ததா? நற்பிட்டிமுனை போன்றதோர் ஊரை எடுத்துக்கொள்வோம். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இவ்வூரில் ஒருவரை இனங்காணப் பெயர் வேண்டியதில்லை. வாசற்கதவின் நிறமும், பாடசாலைச் சீருடையும், மோட்டார் சைக்கிளின் இலக்கத்தகடும் வேம்பின் வேலையைச் செய்துவிடும். முகத்தை மறைத்து வெளியிட்டேன் என்பது பெருநகரத்தில் ஒருவேளை செல்லலாம், சிற்றூரிற் செல்லாது.

சுவீடனில் தேவாலயத் தொண்டர் ஒருவர் தம் சக தொண்டர்களைப் பற்றிய விபரங்களை, அவருள் ஒருவர் காலிற் காயமுற்றிருந்த செய்தி உட்பட, இணையப்பக்கத்தில் வெளியிட்டார். எண்ணற்றோர் காணுமாறு வெளியிடப்பட்டது இல்லத் தேவையாகாது என 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் லிண்ட்குவிஸ்ட் வழக்கிற் தீர்ப்பளித்தது. நமது சட்டத்துக்கும் இத்தகைய தெளிவான வரையறை இன்றியமையாததாகும்.

இத்தேவை வெறும் ஏட்டளவிலானதன்று. 2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு அம்பாறை நகரிலுள்ள முஸ்லிம் உணவகமொன்றில், உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென வதந்தி கிளம்பிற்று. கும்பலாற் சூழப்பட்ட கடையாள், சிங்களம் நன்கு அறியாத நிலையில் அச்சத்தோடு அளித்த விடை, ஒளிப்பதிவு செய்யப்பட்டு முகநூலிற் பரப்பப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிற் காணப்பட்டது மாவுக் கட்டியே என்பது பின்னர் அரச பகுப்பாய்வாளரின் சோதனையாற் தெளிவாயிற்று. முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்தில். பொய்ச்செய்தியின் தீமையைப் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆனால் ஓர் எளிய மனிதனின் முகம் அவன் இசைவின்றி நாட்டின் உடைமையாக்கப்பட்டது என்னும் தீமை போதிய கவனம் பெறவில்லை.

சிலரிடையே முகிழ்க்கும் பழிமொழியை அம்பல் என்றும், பலரறிய விரிவதனை அலர் என்றும் அகநூலார் பிரித்தனர். அக்கால அலருக்கு ஊரே எல்லை. வரைவு நிகழ அதுவும் அடங்கும். இக்கால அலர் எல்லையும் முடிவும் அற்றது. அம்பலை ஒரே நொடியில் அலராக்குவதே சமூக ஊடகத்தின் இயல்பு எனலாம். முஸ்லிம் மக்களின் வழக்கிற் புறம்பேசுதல் என்னும் தொடர் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பிறர் குறையைத் துருவியறிதலையும் புறம்பேசுதலையும் அல்குர்ஆன் ஒரே வசனத்தில் (49:12) விலக்குகின்றது. அகத்தைப் புறமாக்குதல் தவறென்பதில் இருமரபும் ஒன்றுபடுகின்றன.

தனிமையின் பெயரால் வல்லார் தம் செயலை மறைப்பர் என்னும் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கும் நம் மரபில் விடையுண்டு. புறப்பாடல் மன்னனைப் பெயர் சுட்டியே புகழும், இடித்துரைக்கும். 1994இல் தமிழ்நாட்டின் நக்கீரன் இதழ் தொடர்பான இராஜகோபால் வழக்கில், தனிமையுரிமையை ஏற்ற இந்திய உயர்நீதிமன்றம், பொது அலுவலர் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு அவ்வுரிமையைக் கோரவியலாது என்றது. நமது 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமும் பொதுநலன் மேலோங்குமிடத்துத் தனிப்பட்ட தகவலை வெளியிட இடமளிக்கின்றது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் தொல்லை தருவதைக் குற்றமாக்கிய அதேவேளை, பொய்க்கூற்று பற்றிய அகன்ற விதிகளாற் பொதுவிமரிசனத்தையும் அச்சுறுத்துகின்றது. அகத்தைக் காக்கும் கருவி புறத்தின் வாயை அடைத்தலாகாது.

2022இன் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டின் திருத்தம், தொடக்க நாளைக் குறிக்கும் பொறுப்பினை அமைச்சரிடம் விட்டது. கிடைத்த இவ்விடைவெளியில் இல்லத் தேவை என்னும் விலக்கின் எல்லை தெளிவாக்கப்படுதல் வேண்டும். மக்கள் தம் தாய்மொழியில் முறையிடும் வழியும் எளிதாக்கப்படுதல் வேண்டும். எளியோரைப் பெயர் சுட்டாது காத்தலும், ஆள்வோரைப் பெயர் சுட்டி வினவுதலும் ஒரே அறத்தின் இரு கூறுகள். இவ்விரண்டினையும் பிரித்தறியும் சட்டமே இந்நாட்டு மக்களுக்குப் பயன்தருவதாகும்.