டூ நோட்ஸ் கேப்டர் 8: வால்வ் ஆம்ப்பின் வாயைக் கட்டும் பெட்டி

வால்யூமை நன்றாக ஏற்றிய பிறகுதான் வால்வ் ஆம்ப் தன் குணத்தைக் காட்டும். மாஸ்டரைத் தணித்துவிட்டு கெய்னை மட்டும் கூட்டினால் கிடைப்பது ப்ரீஆம்ப் வால்வுகளின் கரகரப்பு. பவர் வால்வுகள் திணறும்போது வருகிற தடிமனும், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி அமுங்கி எழும் விதமும் மாஸ்டர் ஒன்றாம் எண்ணில் இருந்தால் வரவே வராது. ஏற்றிவிட்டாலோ வீட்டில் யாரும் இருக்க முடியாது.

இதற்குத்தான் அட்டென்யுவேட்டர். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று பவரில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். ‘பாஸ்டன்’ இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே ‘பவர் சோக்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். நான் வாசித்துப் பார்த்தது பிரான்ஸின் டூ நோட்ஸ் நிறுவனம் செய்யும் டார்பிடோ கேப்டர், 8 ஓம் மாடல். 100 வாட் வரை தாங்கும். ஆம்ப் 20 வாட் மார்ஷல் டிஎஸ்எல்20. கேபினெட்டில் செலஸ்டியன் கிரீன்பேக் ஒன்று.

மாஸ்டரை ஏழுக்கு ஏற்றி ஈ கார்டை அடித்தேன். கீழ்க் கம்பியின் முதல் அடி தெளிவாக விழுந்தது, பின்னால் நீளமாக இழுத்தது. கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்ததும் கரகரப்பு விலகி ஒலி சுத்தமானது. மாஸ்டரைத் தணித்து வாசிக்கும்போது இந்த நெளிவு கிடைப்பதில்லை. ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், அதன் ஒத்ததிர்வு விழும் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் உச்சத்திலும் மின்மறுப்பு வெகுவாக ஏறும். வெறும் ரெசிஸ்டர் வைத்த பெட்டிகளில் இந்த ஏற்றஇறக்கம் இல்லாததால் ஆம்ப் மந்தமாகிவிடுகிறது. கேப்டர் ஸ்பீக்கரின் அந்த நடத்தையை ஆம்ப்புக்குக் காட்டுகிறது.

ஆனால் ‘சத்தம் குறையும்’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இது குறைப்பது 20 டெசிபல், அதாவது பவரில் நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும்: 20 வாட் 0.2 வாட் ஆகிறது. கிரீன்பேக் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 98 டெசிபல் தருவது. கணக்குப் போட்டால் இன்னமும் 91 டெசிபல் வரை வரும்! பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கலாம். ராத்திரி பதினொன்றுக்கு முடியாது. மேடையில் ஐந்தாறு டெசிபல் மட்டும் குறைத்தால் போதும் என்றால் அதற்கும் வழியில்லை. அளவை மாற்றும் குமிழே கிடையாது.

சத்தம் தணிந்ததும் ஒலி கொஞ்சம் மெலிந்தது. அதில் ஒரு பங்கு நம் காதுடையது, தணிந்த ஒலியில் அடியும் உச்சியும் குறைவாகவே கேட்கும். இன்னொரு பங்கு, ஸ்பீக்கர் கோன் உழைக்காமல் இருப்பது. பாஸைச் சற்றுக் கூட்டியதும் பெரும்பாலும் சரியானது.

ஆம்ப்பிலிருந்து பெட்டிக்கு ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும், கிட்டார் கேபிள் கூடாது. ஆம்ப்பின் 8 ஓம் அவுட்புட்டில்தான் செருக வேண்டும். எப்போதும் ஏற்றியே வாசித்தால் பவர் வால்வுகள் சீக்கிரம் தேயும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கு இதிலேயே வேறு வழி இருக்கிறது. ஆம்ப்புக்கு வேண்டிய லோடு பெட்டிக்குள்ளேயே இருப்பதால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, லைன் அவுட்டை ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, கேபினெட் சாஃப்ட்வேர் வழியாக ஹெட்ஃபோனில் கேட்கலாம். பகலில் வாசிப்பு, ராத்திரியில் ரெக்கார்டிங் என்று இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மேடைக்கென்றால், படிப்படியாகக் குறைக்க முடிகிற மாடலைத் தேடுங்கள்.