மேற்கு ஜன்னல்

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் மேற்குச் சுவரில் ஜன்னலின் தழும்பு ஒன்று இருக்கிறது. செங்கல் வைத்து அடைத்து, பூசி, வெள்ளையடித்த பிறகும் நாலு பக்கமும் மயிரிழை விரிசல் ஓடி, இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த ஜன்னல் வழியாக மலை தெரியும். ஆனி, ஆடியில் சாரலின் ஈரத்தோடு காற்று வரும். வீட்டுக்காரருக்குத் தொழிலில் சறுக்கல் வந்த ஆண்டில், தென்மேற்கான கன்னி மூலையில் திறப்பு ஆகாது என்று ஒருவர் சொல்ல, அடைத்துவிட்டார்கள். இப்போது அந்த அறையில் பகலிலும் விளக்கு எரிகிறது. மின்விசிறி உள்ளே இருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றித் தருகிறது. வாசலுக்கு மேல் எட்டுக்கோணக் கண்ணாடியும், கூடத்தில் சிரிக்கும் புத்தரும் புதிதாக வந்திருக்கின்றன.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடு கட்டுகிறவர்களுக்கு இன்று மூன்று பக்கமிருந்து யோசனை வருகிறது. அறைக்கு இத்தனை அடி என்று பலன் சொல்லும் மனையடி சாஸ்திரம். மூலைகளையும் திசைகளையும் பார்க்கும் வாஸ்து. பரிசுப் பொருள் கடை வழியாக வந்த சீனத்து ஃபெங் சுயி. நம்புகிறவர்கள் மூன்றையும் சேர்த்தே கடைப்பிடிக்கிறார்கள். நம்பாதவர்கள் மூன்றையும் சேர்த்தே தள்ளுகிறார்கள். இரண்டு கட்சியுமே சோதித்துப் பார்த்ததில்லை. வீடு என்பது ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு. அதைப் பற்றிய யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுப்பதுதான் முறை.

தராசுக்கு மூன்று கேள்விகள் போதும். இந்த யோசனை இந்த ஊரின் வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் பொருந்துகிறதா? அது சொல்லும் பலனைச் சரிபார்க்க வழி உண்டா? தவறாகப் போனால் நட்டம் யாருக்கு?

முதலில், மூன்றும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். ஃபெங் சுயியில் தென்கிழக்கு செல்வத்தின் மூலை. அங்கே நீரூற்றோ மீன்தொட்டியோ வைக்கச் சொல்வார்கள். வாஸ்துவில் அதுவே அக்னி மூலை; அங்கே தண்ணீர் ஆகாது. ஃபெங் சுயிக்குத் தெற்கு பார்த்த வாசல் சிறந்தது. நம் ஊரில் தெற்கு வாசல் என்றாலே மனை விலை இறங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே வீட்டில் கடைப்பிடிக்கிறவர் ஒன்றை மீறியே ஆக வேண்டும்.

ஆனால் சீனத்து விதிக்கு அதன் மண்ணில் காரணம் உண்டு. ஃபெங் சுயி என்ற சொல்லுக்கே காற்று, நீர் என்றுதான் பொருள். வட சீனத்தில் குளிர்காற்று வடக்கிலிருந்து வரும்; குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து நிற்கும். முதுகை வடக்கு மலைக்குக் கொடுத்து, முகத்தைத் தெற்கு வெயிலுக்குத் திருப்பிய வீடு அங்கே உயிரைக் காக்கும் வீடு. ராஜபாளையம் இருப்பது வடக்கு அட்சரேகை 9½ பாகையில். சித்திரை பிறப்பை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது; ஆவணியில் மறுபடி வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சி வெயில் வடக்கிலிருந்து சாய்கிறது. தெற்குச் சுவர் நிழலில் நிற்கிறது. வெயிலைத் தேடிய விதியை வெயிலுக்கு ஒதுங்கும் ஊரில் நட்டால் அது வேர் பிடிக்காது.

அதே கணக்கு நம் தெற்கு வாசல் பயத்தையும் தகர்க்கிறது. வெயில் கொளுத்தும் மாதங்களில் நிழலாக நிற்கும் பக்கத்தையா ஆகாது என்கிறோம்? தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அவற்றில் தென்றலைக் கொண்டாடிய அளவுக்கு வேறு எதையும் நாம் கொண்டாடவில்லை. வாஸ்துவின் மூல நூல்கள்கூடத் தெற்கை முற்றாக விலக்கவில்லை. நான்கு பக்கத்திலும் வாசலுக்கு உகந்த இடங்களைக் குறிக்கின்றன. தெற்கு என்றால் எமன் என்ற பயம் நூலைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

அடுத்து வாஸ்துவின் முதுகெலும்பான விதி: தென்மேற்கு உயர்ந்தும் வடகிழக்கு தாழ்ந்தும் இருக்க வேண்டும்; தண்ணீர் வடகிழக்கான ஈசானியத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டு ஊரிலும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. மேற்கே மலை. அங்கிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பிக்கொண்டு கிழக்கே வைப்பாற்றை நோக்கிப் போகின்றன. மனையின் கிழக்கு ஓரத்தைத் தாழ்த்தினால் மழைநீர் தானாக வழிந்துவிடும். ஐப்பசியில் அஸ்திவாரத்தில் தண்ணீர் தேங்காது. இங்கே இந்த விதியைப் பின்பற்றிய கொத்தனார் நல்ல வேலை செய்திருக்கிறார்.

ஆனால் விதி பலிப்பது திசையாலா, சரிவாலா? இதற்குச் சோதனைக்கூடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை என்று போகும் கொல்லம் சாலையில் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் எல்லாம் தலைகீழ். மலை கிழக்கே, கடல் மேற்கே, ஆறுகள் மேற்கு நோக்கி ஓடுகின்றன. வாஸ்துப்படி பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் நாடு முழுவதுமே தோஷமுள்ள மனை. எழுத்தறிவிலும் சராசரி ஆயுளிலும் இந்தியாவில் முன்வரிசையில் நிற்பது அந்த நாடுதான். ஆகவே விதியின் உயிர் சரிவில் இருக்கிறது. தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓட வேண்டும் என்பது எங்கும் உண்மை. வடகிழக்கே ஓட வேண்டும் என்பது மலை மேற்கே உள்ள ஊருக்கு மட்டும் உண்மை.

இதே ஈசானிய விதி இன்றைய மனைகளில் ஓர் ஆபத்தையும் உண்டாக்குகிறது. வழக்கமான யோசனைப்படி போரும் தண்ணீர்த் தொட்டியும் வடகிழக்கில். செப்டிக் டேங்க் வடமேற்கில். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் மனைகள் கிழக்கு மேற்காக வரிசையாக இருக்கும் தெருவை மனதில் வரைந்து பாருங்கள். என் வடகிழக்கு மூலையும் கிழக்கு வீட்டுக்காரரின் வடமேற்கு மூலையும் ஒரே சுற்றுச்சுவரின் இரண்டு பக்கங்கள். தெருவில் எல்லாரும் விதியைத் தவறாமல் பின்பற்றினால், ஒவ்வொருவர் குடிநீருக்கும் பக்கத்து வீட்டுக் கழிவுநீர் சில அடி தூரத்தில் இருக்கும். ஊறுகுழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும் என்பது சுகாதாரப் பாடம். இந்த விதி பிறந்தது தோட்டமும் தொழுவமும் சூழ்ந்த தனி வீட்டுக்காக. ஒட்டுச்சுவர்த் தெருவில் ஒரு மனையை மட்டும் பார்த்துச் சொல்லும் யோசனை பாதி யோசனைதான்.

கன்னி மூலையில் குடும்பத் தலைவரின் படுக்கையறை என்பது இன்னொரு கட்டாய விதி. சித்திரை, வைகாசியில் மேற்குச் சுவர் பிற்பகல் முழுக்க வெயிலைக் குடிக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்தச் சூட்டை இரவில் அறைக்குள் விடுகிறது. தென்மேற்கு மூலையைக் கனமாகக் கட்டு, மேற்கே மரம் வை என்ற பழைய யோசனைகளில் வெயிலைத் தடுக்கும் அறிவு இருந்தது. தடுப்பாக இருக்க வேண்டிய மூலையிலேயே படு என்று சொன்னதும் அந்த அறிவு குலைந்துபோகிறது. அங்கே கிட்டங்கியோ மாடிப்படியோ வரலாம். படுக்கையறையே வந்தாலும் மேற்கு ஜன்னலை அடைக்கக் கூடாது. சாரல் மாதங்களில் மலைக்காற்று வரும் வழி அது. அகலமான சன்ஷேடும் ஒரு வேப்பமரமும் வெயிலைத் தடுக்கும்; காற்றை விட்டுவிடும். செங்கல்லுக்கு அந்தப் பகுத்தறிவு கிடையாது.

மண்ணைப் பற்றிய பழைய நூல்கள் மதிப்போடு படிக்க வேண்டியவை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பிருகத் சம்ஹிதையில் இரண்டு சோதனைகள் உண்டு. குழி தோண்டி அதே மண்ணால் நிரப்பு. மண் மிஞ்சினால் நல்ல மனை, போதாவிட்டால் ஆகாது. குழியில் தண்ணீர் நிரப்பி நூறு அடி நடந்து திரும்பி வா. எவ்வளவு நிற்கிறது என்று பார். இவை மண்ணின் இறுக்கத்தையும் நீர் உறிஞ்சும் தன்மையையும் கையால் தொட்டு அறியும் முறைகள். மலையடிவாரச் செம்மண்ணுக்கு இன்றும் உதவும். கரிசலுக்குப் போதாது. கரிசல் கட்டி கட்டியாகப் பெயரும், திரும்பக் கொட்டினால் மிஞ்சும், சோதனையில் தேறிவிடும். பிறகு மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கிச் சுவரைப் பிளக்கும். அங்கே மண் பரிசோதனையும் பொறியாளர் சொல்லும் ஆழமும்தான் காக்கும். பஞ்சாங்கம் தரும் எட்டு வாஸ்து நாட்களில் ஐப்பசி 11, கார்த்திகை 8 இரண்டும் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகின்றன. கரிசலில் அந்த நாளில் பூஜை போடலாம். வானம் தோண்டக் கூடாது.

அதே நூல்களில் உள்ள இன்னொன்றைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. வெள்ளை மண் ஒரு வருணத்துக்கு, சிவப்பு ஒன்றுக்கு, மஞ்சள் ஒன்றுக்கு, கறுப்பு சூத்திரருக்கு என்று மண்ணையே பிரித்தார்கள். வீட்டின் அளவையும் வருணப்படி இறக்கிக்கொண்டே போனார்கள். ஊரின் எந்தப் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதையும் சிற்ப நூல்கள் வகுத்தன. திசைக்குப் புனிதம் கற்பித்ததன் விலையை மனிதர்கள் கொடுத்தார்கள். இந்தப் பகுதியை முழுவதும் நிராகரிக்க வேண்டும். இதில் மீட்டெடுக்க ஒன்றுமில்லை.

மனையடி சாஸ்திரம் இரண்டாம் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. 10, 11, 16 அடி நன்மை. 9, 12, 13, 14 கேடு என்கிறது பட்டியல். எந்த அடி? பழைய சிற்ப நூல்கள் அங்குலத்திலும் முழத்திலும் கோலிலும் அளந்தன. நம் மேஸ்திரியின் டேப்பில் இருப்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த, 30.48 சென்டிமீட்டர் என்று வரையறுக்கப்பட்ட அடி. சுவருக்கு உள்ளளவா வெளியளவா, பூச்சுக்கு முன்பா பின்பா என்பதற்கே ஆளுக்கொரு விடை. நட்டமோ, கண்ணால் பார்க்கக் கூடியது: 12 அடியில் வசதியாக அமையக்கூடிய அறை, பட்டியலுக்காக 10 அடியாகச் சுருங்கி, கட்டிலைப் போட்டதும் நடக்க இடமில்லாமல் போகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரத்தைக் காட்டி, சாஸ்திரம் பொய்யானால் இது எப்படி நிற்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அது நிற்பது எடையை அடியில் வைத்து, நிலைக்கு நிலை குறைத்துக்கொண்டே போன ஸ்தபதிகளின் கணக்கால். அளவையும் விகிதத்தையும் தந்த அந்தச் சிற்ப அறிவு வணக்கத்துக்குரியது. வீட்டு அறை 13 அடியானால் பகை வரும் என்பதற்கு அந்தக் கோபுரம் சாட்சி சொல்லவில்லை.

வீட்டைக் காக்கும் என்று விற்கப்படும் பொருட்களுக்கு வருகிறேன். சிரிக்கும் புத்தர், கௌதம புத்தர் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் சீனத்தில் சாக்குப்பையோடு திரிந்த புதாய் என்ற துறவியின் உருவம். லக்கி பேம்பூ மூங்கிலே இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த டிரசினா இனச் செடி. வாங்குகிறவருக்கு இந்தச் செய்திகளைக்கூடச் சொல்லாத வியாபாரத்தில், அதிர்ஷ்டம் பற்றிய வாக்குறுதியை எப்படி நம்புவது? காவலுக்கு உலகறிந்த ஊர் ராஜபாளையம். 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நாயினம் இந்த ஊருடையது. தூய வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று தேர்ந்தெடுத்து வளர்த்ததில், அந்த இனக் குட்டிகள் சில செவிடாகவே பிறக்கின்றன. இலட்சணத்தைப் பார்த்து வேலையை மறந்தால் காவலுக்கே கேடு. கூடத்தில் பொம்மையை வைத்துவிட்டு எர்த் கம்பி போடாமல் விட்ட வீடும் அந்தக் கதிதான்.

இரண்டு மரபும் ஒன்றுபடும் இடம் தெருக்குத்து. நேராக வரும் தெரு முட்டும் மனை ஆகாது என்று சீனரும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம். இதில் உண்மை இருக்கிறது. பிரேக் பிடிக்காத வண்டி அங்கேதான் வந்து மோதும். முகப்பு விளக்கும் புழுதியும் அங்கேதான் பாயும். அங்கே பிள்ளையாரை வைப்பவர் வைக்கட்டும். வாசலைத் தள்ளி அமைத்து, உறுதியான சுற்றுச்சுவரும் எழுப்பட்டும்.

நம்புகிறவர் தரப்பில் வலுவான வாதம் ஒன்று மீதி இருக்கிறது: மன நிம்மதி. அதை நான் மதிக்கிறேன். கடன் வாங்கிக் கட்டும் வீட்டில் நிலை வைக்கும் நாளில் மஞ்சள் தடவி, பூச்சூட்டி, கும்பிடும் குடும்பத்துக்கு அது துணிவு தருகிறது, யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதே சாஸ்திரம் பயத்தையும் தருகிறது. மூலை சரியில்லை, அதனால்தான் மனைவிக்கு நோய் என்று சொன்னபின் மருத்துவமனைக்குப் போக வேண்டிய பணம் கழிப்பறையை இடிக்கப் போகிறது. வாழ வந்த பெண்மேல் போட்ட பழி வாசல்மேல் மாறினாலும், உண்மைக் காரணத்தை யாரும் தேடுவதில்லை.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மூலைதான் காரணம் என்பதற்கு ராஜபாளையத்தில் ஒரு வீடு விடை சொல்கிறது. அதன் உரிமையாளர் பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949இல் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். 1952 தேர்தலில் தோற்றார். 1954இல் ஒடிசாவின் ஆளுநரானார். ஏற்றமும் இறக்கமும் மறு ஏற்றமும் ஐந்தே ஆண்டுக்குள். எந்த மூலையைக் காட்டி இதை விளக்க முடியும்? அந்த வீட்டை அவர் ஊருக்கே கொடுத்தார். அது காந்தி கலை மன்றம் ஆனது. அந்த வீட்டின் பெருமை அதன் அளவில் இல்லை, அவர் கொடுத்ததில் இருக்கிறது.

என் தீர்ப்பு இது. சரிவு, மண், காற்று, நிழல், தெருக்குத்து பற்றிய விதிகளை ஏற்கலாம். ஆனால் ஊருக்கேற்பத் திருத்தி, பக்கத்து வீட்டையும் கணக்கில் சேர்த்து. கும்பிடும் சடங்குகள் அவரவர் விருப்பம். அடிக்கணக்குப் பலன்களையும் கடைப்பொருட்களையும் தள்ள வேண்டும். வருணக் கணக்கை வெறுத்தே ஒதுக்க வேண்டும். வாஸ்துவும் ஃபெங் சுயியும் பிறந்த நாளில் மனையில் நின்று மலை எங்கே, காற்று எங்கே, தண்ணீர் எங்கே என்று பார்த்தன. பார்ப்பதை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம்.

ஆகவே அந்த வீட்டுக்காரருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்த ஆனிக்கு முன் அந்தச் செங்கற்களை எடுத்துவிடுங்கள் அண்ணாச்சி.